காற்றும் வெயிலும் மின்வாரியமும்

(பழைய மாணவர் சந்திப்பின் காலை அமர்வில் மின்னியல் துறைப் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரை. பதிவிலிருந்து எழுதப்பட்டது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "சார், நீங்க முப்பத்தி நாலு வருஷம் கரண்டோடயே குடும்பம் நடத்தினவர். சோலார், காற்றாலை இதெல்லாம் வந்தபிறகு மின்வாரியம் என்ன ஆகப்போகுதுன்னு பசங்களுக்குச் சொல்லுங்க" என்றார். என்ன ஆகப்போகிறது என்று சொல்ல நான் ஜோசியன் இல்லை. என்ன ஆயிற்று, ஆகிக்கொண்டிருக்கிறது என்பதை வேண்டுமானால் சொல்கிறேன்.

நான் 1983-ல் இங்கிருந்து வெளியேறி, 1985-ல் உதவிப் பொறியாளராகச் சேர்ந்து, 2019-ல் ஓய்வு பெற்றேன். சேரும்போது ஒரே வாரியம், 1957-ல் ஆரம்பித்தது. உற்பத்தி, கடத்தல், விநியோகம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். 2010 நவம்பரில் அது பிரிந்தது. 2024-ல் உற்பத்திக்கு ஒன்று, பசுமை எரிசக்திக்கு ஒன்று, பகிர்மானத்துக்கு ஒன்று என்று இன்னும் பிரிந்தது. எத்தனை பெயர் மாற்றினாலும் ஊரில் கரண்டு போனால் "ஈ.பி.க்குப் போன் போடு" என்றுதான் சொல்கிறார்கள். நானும் வாரியம் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் காலத்தில் இதற்கெல்லாம் "மரபுசாரா எரிசக்தி" என்று பெயர். எங்கள் மெஷின்ஸ் லேப் பேராசிரியர் இந்தப் பெயரைக் கேட்டாலே சிரிப்பார். "ஏம்ப்பா, பாய்மரக் கப்பல் ஓட்டினதும் நெல்லைக் காயப்போட்டதும் காத்திலயும் வெயில்லயும்தானே? நேத்து வந்த நிலக்கரி மரபு, காத்து மரபு சாராததா?" என்பார். அவர்தான் எங்களுக்கு ஆல்டர்னேட்டரை சப்ளையோடு சேர்க்கக் கற்றுக்கொடுத்தவர். மூன்று பல்பு கட்டி, மூன்றும் சேர்ந்து அணையும் நேரம் பார்த்து சுவிட்சைப் போடவேண்டும். ஒரு நொடி தப்பினால் மெஷின் உறுமும் பாருங்கள், அடிவயிறு கலங்கும். என் தோழர் ஒருவர் இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், அவர் போட்ட போடில் லேப் முழுக்க பியூஸ் போனது. பெயர் சொல்லமாட்டேன், இப்போது பேரன் பேத்தியோடு வந்திருக்கிறார்.

அந்த மூன்று பல்பில்தான் என் பேச்சின் பாதி இருக்கிறது. ஆயிரக்கணக்கான மைலுக்குச் சுற்றும் எல்லா ஜெனரேட்டரும் ஒரே தாளத்தில் சுற்றவேண்டும். நம் நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆயிரம் பேர் வடம் பிடிக்கிறார்கள். நாலு பேர் கை விட்டாலும் தேர் உடனே நிற்காது, அதன் கனமே அதைக் கொஞ்ச தூரம் கொண்டுபோகும். அந்த இடைவெளியில் வேறு நாலு பேர் வந்து பிடித்துக்கொள்ளலாம். அனல் நிலையத்து டர்பைனும் ஜெனரேட்டரும் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும் பெருங்கனம். எங்கோ ஒரு யூனிட் விழுந்தால், மற்ற யூனிட்களின் அந்தக் கனம்தான் முதல் சில நொடி நம்மைக் காப்பாற்றும். சோலார் பலகையில் சுற்றுவது ஒன்றும் இல்லை. அதன் இன்வெர்ட்டர், அடுத்தவன் போடும் தாளத்தைக் கேட்டு ஆடுவது. எல்லோரும் கேட்டு ஆடுகிறவர்களாகவே ஆகிவிட்டால் தாளம் போடுவது யார்? இன்றைக்கு உலகம் முழுக்க மின்துறைக்காரர்கள் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வி இதுதான். தானே தாளம் போடும் இன்வெர்ட்டர்களும் வந்திருக்கின்றன, பேட்டரியோடு சேர்ந்து. தம்பிகள் அதைப் படிக்கவேண்டும்.

சரி, முதலில் காற்றுக்கு வருவோம், ஏனென்றால் நமக்கு அதுதான் முதலில் வந்தது.

1986-ல் தூத்துக்குடி பக்கம் முல்லைக்காட்டில் முதல் காற்றாலைகள் நின்றன. ஒவ்வொன்றும் 55 கிலோவாட். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வேடிக்கை பார்க்கப் போவார்கள். 1990-களின் ஆரம்பத்தில் தனியாருக்கு வாசல் திறந்தது. போட்ட முதலை முதல் வருஷமே நூற்றுக்கு நூறு தேய்மானம் என்று கணக்கில் காட்டிக்கொள்ளலாம் என்று வருமான வரியில் சலுகை. உடனே ஆரல்வாய்மொழிக் கணவாயில் முப்பந்தல் காட்டில் கோபுரம் கோபுரமாக நட்டார்கள். அதில் காற்றுக்காக நட்டது எத்தனை, வரிக்காக நட்டது எத்தனை என்று கேட்காதீர்கள். ஆனால் எந்தக் காரணத்துக்காக நட்டாலும் காற்று சுற்றத்தான் செய்தது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு என்று மேற்குத் தொடர்ச்சி மலையில் நாலு வாசல். தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல்களில் நெருக்கியடித்துக்கொண்டு வருகிறது. வைகாசியில் ஆரம்பித்து புரட்டாசி வரைக்கும். அப்புறம் ஒரு இலை அசையாது.

நான் அந்தப் பக்கத்துத் துணைமின் நிலையங்களில் 1990-களில் வேலை பார்த்தேன். அந்தக் காலத்து மெஷினெல்லாம் இண்டக்‌ஷன் ஜெனரேட்டர். அது வாட் கொடுக்கும், ஆனால் தன்னைக் காந்தமாக்கிக்கொள்ள நம்மிடமிருந்தே வி.ஏ.ஆர். உறிஞ்சும். காற்று பலமாக அடிக்க அடிக்க உற்பத்தி ஏறும், கூடவே வோல்டேஜ் இறங்கும்! மின்சாரம் நிறைய வருகிற இடத்தில் வோல்டேஜ் குறைவு என்றால் ஊர்க்காரன் நம்புவானா? "சார், காத்தாடி இவ்வளவு சுத்துது, எங்க வீட்டு டியூப்லைட் ஏன் சார் கண்ணடிக்குது?" என்பார்கள். கெப்பாசிட்டர் பேங்க் போட்டோம், வி.ஏ.ஆர். எடுப்பவருக்குக் கட்டணம் போட்டோம். இன்னொரு தலைவலி: லைனில் எங்கோ ஒரு பனை ஓலை விழுந்து ஒரு நொடி வோல்டேஜ் தாழ்ந்தால் போதும், சுற்றுவட்டாரத்துக் காற்றாலை மொத்தமும் "எனக்கென்ன வந்தது" என்று கழன்றுகொள்ளும். மெகாவாட் நூற்றுக்கணக்கில் ஒரே அடியாகக் காணாமல் போகும். வோல்டேஜ் தாழ்ந்தாலும் சிறிது நேரம் தாக்குப்பிடித்துத் தொங்கிக்கொண்டு நிற்கவேண்டும் என்ற விதி, மத்திய மின்சார ஆணையத்தின் 2013 திருத்தத்தில்தான் வந்தது, அதுவும் புதிய நிலையங்களுக்கு. பழையது பழையபடிதான்.

இப்போது வருகிற காற்றாலை வேறு ஜாதி. 3 மெகாவாட் மெஷின் ஒன்று, அந்த 55 கிலோவாட் மெஷின் ஐம்பத்தி நாலுக்குச் சமம். முப்பந்தலில் நல்ல காற்றுள்ள இடத்தையெல்லாம் கிழட்டு மெஷின்கள் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றை எடுத்துவிட்டுப் புதியது போடுவதற்கு 2024-ல் தமிழக அரசு ஒரு கொள்கையே வெளியிட்டிருக்கிறது. இடம் ஒருவருக்கு, மெஷின் இன்னொருவருக்கு, வழி மூன்றாமவருக்கு என்று இருப்பதால் அது அவ்வளவு எளிதல்ல. வரிக்காக வாங்கியவருக்கு ஆதாயம் என்றோ வந்துவிட்டது, மாற்றவேண்டிய அவசரமும் இல்லை.

எல்லாவற்றிலும் பெரிய சண்டை, காற்றாலை பேங்கிங். இதைக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும், ஏனென்றால் வாரியத்தின் கஷ்டம் இதில்தான் விளங்கும். கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலைக்காரர் ஆரல்வாய்மொழியில் காற்றாலை போடுகிறார். ஆடி மாதம் யூனிட் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது, ஆலைக்கு அவ்வளவு தேவையில்லை. மிச்சத்தை வாரியத்தின் கணக்கில் வரவு வைத்து, மாசி பங்குனியில் காற்றில்லாதபோது திரும்ப எடுத்துக்கொள்கிறார். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஆடியில் ஆற்றில் வெள்ளம் கரைபுரளும்போது ஒருவர் வந்து நம் வீட்டுத் தொட்டியில் நூறு குடம் தண்ணீர் ஊற்றுகிறார். பங்குனியில் வந்து அதே நூறு குடத்தைக் கேட்கிறார். குடம் அதே குடம்தான், கணக்கும் சரிதான். ஆனால் பங்குனித் தண்ணீரின் விலை என்ன? வாரியம் அந்த மாதங்களில் வெளியிலிருந்து அதிக விலைக்கு வாங்கித் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

ஆலைக்காரர் பக்கம் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. சொந்தப் பணம் போட்டு, வங்கியில் கடன் வாங்கி, வாரியத்திடம் முதல் இல்லாத காலத்தில் ஆயிரக்கணக்கான மெகாவாட் நட்டுக் கொடுத்தவர்கள் அவர்கள். 2012-ல் நம் மாநிலம் பட்ட பாட்டை இங்கே யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மின்வெட்டு. ஆடியில் காற்று வந்தால்தான் மூச்சு வரும். அதே காலத்தில் காற்று உச்சத்தில் அடிக்கும் சில மணி நேரம், "நிறுத்து" என்று காற்றாலைக்காரரிடம் சொல்லவேண்டியிருந்தது. வெட்டும் இருக்கிறது, மிச்சமும் இருக்கிறது! தெற்கே உற்பத்தியாவதை வடக்கே கொண்டுபோக லைன் போதவில்லை, வேறு மாநிலத்துக்கு விற்கவும் வழி குறைவு. பேங்கிங் வழக்கு ஒழுங்குமுறை ஆணையம், மேல்முறையீடு, நீதிமன்றம் என்று போய்க்கொண்டே இருந்தது. என்னைக் கேட்டால் இரண்டு தரப்பும் உண்மையைத்தான் சொன்னார்கள். யூனிட்டுக்கு யூனிட் என்று எழுதிய முதல் நாளே, எந்த மாதத்து யூனிட், எந்த மணி நேரத்து யூனிட் என்று எழுதாமல் விட்டதுதான் தப்பு. மின்சாரத்தை எடை போட்டு விற்கிற சரக்கு மாதிரி நினைத்துவிட்டோம். அது பூ வியாபாரம் மாதிரி. காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை.

லைன் விஷயத்தில் நல்லதும் நடந்தது, அதையும் சொல்லவேண்டும். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கே.வி. லைன் வழியாகத் தென்னக மின்தொகுப்பு நாட்டின் மற்ற தொகுப்புகளோடு சேர்ந்தது. அதுவரைக்கும் நாம் தனித் தேர். அன்றைக்கு ராத்திரி எனக்கு அந்த லேப் பல்பு மூன்றும்தான் ஞாபகம் வந்தன, சத்தியமாகச் சொல்கிறேன். 1990-களில் ஃபிரீக்வென்சி 48.5-க்கு இறங்கும், சுவர்க் கடிகாரம் பின்தங்கும், ஃபேன் சோம்பேறித்தனமாகச் சுற்றும். இன்றைக்கு 49.90-க்கும் 50.05-க்கும் நடுவில் நிற்கவேண்டும் என்பது விதி. சத்தீஸ்கர் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு 800 கே.வி. நேர்மின் லைன் 6,000 மெகாவாட்டுக்குப் போட்டிருக்கிறார்கள். அது இரண்டு பக்கமும் ஓடக்கூடியது. காற்றுக் காலத்தில் இங்கிருந்து அங்கே அனுப்பலாம். கயத்தாறு, கானார்பட்டி, தேனி தப்பகுண்டு என்று காற்றுக்காகவே 400 கே.வி. துணைமின் நிலையங்கள் வந்தன. 2022 ஜூலையில் ஒரே நாளில் காற்றிலிருந்து மட்டும் 12 கோடி யூனிட் எடுத்தார்கள். 2012-ல் இதை யாராவது சொல்லியிருந்தால் கேண்டீனில் உட்கார்ந்து சிரித்திருப்போம்.

சோலார் பின்னால் வந்தது, வேகமாக வந்தது. 2016-ல் கமுதியில் 648 மெகாவாட் ஒரே இடத்தில். இன்றைக்கு நம் மாநிலத்தில் காற்று பதினோராயிரம் மெகாவாட்டைத் தாண்டியாயிற்று, வெயிலும் பத்தாயிரத்தைத் தாண்டியாயிற்று. 2024 மே 2 அன்று நம் உச்சத் தேவை 20,830 மெகாவாட். இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அப்போ நிலக்கரியை மூடிடலாமே சார்" என்று ஒரு மாணவர் போன முறை கேட்டார். மே 2 ராத்திரி பத்து மணிக்கு வெயில் எவ்வளவு என்று நான் திருப்பிக் கேட்டேன்.

சாயங்காலம்தான் இப்போது லோடு டெஸ்பாட்ச்காரர்களின் பரீட்சை நேரம். நாலு மணிக்கு ஆரம்பித்து ஆறரைக்குள் சோலார் முழுவதும் இறங்கிவிடும். சரியாக அந்த நேரத்தில்தான் வீட்டுக்கு வந்து விளக்கு, மிக்ஸி, ஏ.சி. எல்லாம் போடுவோம். தினமும் இரண்டரை மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான மெகாவாட்டை வேறெங்கிருந்தோ ஏற்றவேண்டும். அனல் நிலையத்தை மதியம் நிறுத்திவிட்டு மாலையில் பற்றவைக்க முடியாது. ஆறிப்போன பாய்லரை மறுபடி சூடேற்றி ஓட்ட எட்டுப் பத்து மணி நேரம் ஆகும், எண்ணெய்ச் செலவு வேறு. அதனால் மதியம் அடுப்பைச் சிறுதீயில் வைக்கவேண்டும். 210 மெகாவாட் யூனிட்டை 55 சதவீதம், அதாவது சுமார் 115 மெகாவாட் வரைக்கும் இறக்கலாம் என்று 2016-ல் வந்தது. 40 சதவீதம், 84 மெகாவாட் வரை இறங்கவேண்டும் என்று 2023-ல் மத்திய மின்சார ஆணையம் விதி போட்டது. பாய்லர் குழாய் தினமும் சூடாகி, ஆறி, சூடாகி, ஆறினால் என்ன ஆகும்? மெக்கானிக்கல் நண்பர்கள் தலையாட்டுகிறார்கள், அவர்களுக்குத் தெரியும். வெல்டிங் இருக்கிற இடமெல்லாம் விட்டுப்போகும். சீரான ஓட்டத்துக்கென்று செய்த வண்டியை டவுன் பஸ்ஸாக ஓட்டச் சொல்கிறோம்.

இதற்கு நம்மிடம் இருக்கிற அருமையான மருந்து கடம்பாறை. ஆழியாறுக்கு மேலே, மலைக்குள்ளே குடைந்த நிலையம், 400 மெகாவாட். 1980-களின் கடைசியில் வந்தது. மின்சாரம் மிஞ்சும்போது கீழணைத் தண்ணீரை மேலே ஏற்று, பற்றாக்குறையில் கீழே இறக்கி எடு. அதைக் கட்டியவர்கள் சோலாரைக் கனவில்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள். ராத்திரி நிலக்கரி மின்சாரம் மிஞ்சுமே என்று கட்டினார்கள். இப்போது மதியம் பம்ப் செய்து சாயங்காலம் இறக்குவதுதான் நியாயம். குந்தாவில் இன்னொன்று, 500 மெகாவாட், வெகுகாலமாக வேலை நடக்கிறது. மலையில் குகை வெட்டுவது நாள் பிடிக்கும் வேலை. பேட்டரி அப்படி இல்லை, கண்டெய்னரில் வந்து இறங்கும், விலையும் வருஷா வருஷம் சரிகிறது.

விவசாயத்தையும் இதில் மறக்கக்கூடாது. எங்கள் காலத்தில் மும்முனை கரண்டு ராத்திரி பதினோரு மணிக்கு வரும். விவசாயி டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு, பாம்புக்குப் பயந்து வரப்பில் நடந்து மோட்டார் போடுவார். ஊர் தூங்கும்போதுதான் மின்சாரம் மிஞ்சும் என்பது அன்றைய கணக்கு. இன்றைக்கு மிஞ்சுவது பட்டப்பகலில். பம்ப்செட்டுகளைப் பகலுக்குக் கொண்டுவந்தால் வாரியத்துக்கும் லாபம், விவசாயிக்கும் தூக்கம். சோலார் வந்து செய்த நன்மைகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

முன்கூட்டித் தெரிந்தால் எதையும் சமாளிக்கலாம். 2019 டிசம்பர் 26 காலையில் கங்கண சூரிய கிரகணம், கோவை, திண்டுக்கல் வழியாகப் போயிற்று. சோலார் இறங்கி ஏறியது, சமாளித்துவிட்டார்கள். 2020 ஏப்ரல் 5 இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் நாடே விளக்கணைத்தது. சுமார் 31,000 மெகாவாட் லோடு சில நிமிடத்தில் இறங்கித் திரும்ப ஏறியது. நான் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தேன். அகல்விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, ஃபிரீக்வென்சி மீட்டர் இல்லாத குறையை ஃபேன் சத்தத்தைக் கேட்டுத் தீர்த்துக்கொண்டிருந்தேன். ஃபிரீக்வென்சி 50.26 வரைக்கும்தான் போயிற்று. நீர்மின் நிலையத்தார் அன்று வாசித்தது கச்சேரி. ஆனால் கிரகணத்துக்குப் பஞ்சாங்கம் இருக்கிறது, மேகத்துக்குக் கிடையாது. அதனால்தான் ஒரு நாளைப் பதினைந்து நிமிடக் கூறாக 96 கூறு போட்டு, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வரும் என்று காற்றாலைக்காரரும் சோலார்காரரும் முன்கூட்டிச் சொல்லவேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனத்தில் இந்த முன்கணிப்பு வேலை நடக்கிறது. கம்ப்யூட்டர் படிக்கிற தங்கைகள் மின்துறை நமக்கில்லை என்று நினைக்கவேண்டாம்.

அளவுக்கு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 2025 ஏப்ரல் 28-ஐப் பாருங்கள். ஸ்பெயின், போர்ச்சுகல் இரண்டும் பட்டப்பகலில் சில நொடிகளில் இருண்டன. வோல்டேஜ் குறைந்து அல்ல, கூடிப்போய், ஒவ்வொரு நிலையமாகக் கழன்று. சோலார்தான் குற்றவாளி என்று ஒரு கூட்டம், இல்லவே இல்லை என்று ஒரு கூட்டம் உடனே கிளம்பியது. வோல்டேஜைப் பிடித்து நிறுத்தும் வேலையைச் செய்யவேண்டியவர்கள் போதுமான அளவு செய்யவில்லை, இதுதான் பாடம். நான் முப்பந்தலில் பட்ட அதே பாடம், தலைகீழாக.

இப்போது மாடிக்கு வருகிறேன். 2024 பிப்ரவரியில் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போனால் 78,000 ரூபாய் மானியம். தெருவுக்கு நாலு வீட்டில் பலகை ஏறிவிட்டது. என் மைத்துனரும் புறநகரில் போட்டார். ஒரு மாதம் கழித்துப் போன்: "அத்தான், வெயில் நல்லா அடிக்கும்போதுதான் இது ஆஃப் ஆகுது. மேகம் போட்டா ஓடுது. ஏமாத்திட்டானா?"

போய்ப் பார்த்தேன். அவர் வீடு எல்.டி. லைனின் கடைசிக் கம்பத்தில். நாங்கள் படித்ததும் செய்ததும் என்ன? டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் வோல்டேஜ் நன்றாக இருக்கும், கடைசிக் கம்பத்தில் விழும். ஆகவே கடைசி வீட்டுக்கும் கிடைக்கட்டும் என்று டிரான்ஸ்ஃபார்மர் டேப்பைக் கூட்டி வைப்போம். இப்போது மதியம் பன்னிரண்டு மணிக்கு அந்தத் தெருவில் எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள், நாலு மாடியிலிருந்து கரண்டு திரும்பி டிரான்ஸ்ஃபார்மரை நோக்கி ஓடுகிறது. ஓடவேண்டுமானால் கடைசிக் கம்பத்தில் வோல்டேஜ் ஏறவேண்டும். மீட்டர் வைத்தால் 258. இன்வெர்ட்டர் தன் பாதுகாப்புக்குக் கழன்றுகொள்கிறது. சரி, டேப்பைக் குறைக்கலாமென்றால், ராத்திரி எட்டு மணிக்கு அதே தெருவில் பத்து ஏ.சி. ஓடும், கடைசி வீட்டுக்கு 190 வந்து நிற்கும். ஒரே நாளில் இரண்டு நோய், ஒன்றுக்கு ஒன்று எதிர் மருந்து. அந்த டேப்போ சப்ளையை நிறுத்திவிட்டுக் கையால் மாற்றுவது. தடித்த கம்பி போடலாம், டிரான்ஸ்ஃபார்மரைத் தெரு நடுவுக்கு நகர்த்தலாம், இன்வெர்ட்டரையே கொஞ்சம் வி.ஏ.ஆர். உறிஞ்ச வைத்து வோல்டேஜை இறக்கலாம். முப்பந்தலில் எதைத் திட்டினோமோ அதுவே இங்கே மருந்து! மைத்துனரிடம் நான் இவ்வளவும் சொல்லவில்லை. "மதியம் மோட்டாரைப் போடு, துணியைத் துவை, கிரைண்டரை ஓட்டு" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு வந்தேன். பாதி சரியாயிற்று.

பணக் கணக்கும் இருக்கிறது. நாம் கொடுக்கிற யூனிட் விலைக்குள் நிலக்கரி மட்டுமா இருக்கிறது? கம்பம், கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், மழையில் ஏறுகிற லைன்மேன் சம்பளம் எல்லாம் இருக்கிறது. மாடியில் பலகை போட்டவர் பகல் யூனிட்டைக் குறைத்துக்கொள்கிறார். ராத்திரி அதே கம்பி வேண்டும், அதே லைன்மேன் வேண்டும். பலகை போடுகிறவர் யார்? சொந்த மாடி உள்ளவர், நிறைய யூனிட் ஓட்டி அதிக விலை கொடுத்துக்கொண்டிருந்தவர். ஆலைகளும் அப்படித்தான், சொந்தக் காற்றாலையோடு விலகிப் போகின்றன. இவர்கள் கொடுத்த அதிகப்படியில்தான் கீழே உள்ளவர்களின் விலை தாங்கி நின்றது. வாடகை வீட்டுக்காரருக்கும் குடிசைக்காரருக்கும் மாடி ஏது? பலகை போட்டவரிடம் கம்பிக்கென்று தனியாகக் கட்டணம் கேட்டால் "வெயிலுக்கு வரியா?" என்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் நியாயமாக, மதியம் அவர் கொடுக்கிற யூனிட்டுக்கும் நேரத்துக்கு ஏற்ற விலை கொடுத்துவிட்டுக் கேட்கவேண்டும். 2023-ல் வந்த மத்திய விதி, வெயில் நேரத்தில் விலை குறைவு, உச்ச நேரத்தில் கூடுதல் என்று தொழிற்சாலை, கடைகளிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறது. வீடு வரைக்கும் வருவதற்குள் எத்தனை போராட்டம் என்று பார்க்கலாம்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லவேண்டாம் என்றுதான் வந்தேன், மாணவர்கள் முகத்தைப் பார்த்ததும் சொல்லத் தோன்றுகிறது.

1987. எனக்கு இருபத்தி ஆறு வயது. காற்றில் ஓர் எல்.டி. கம்பி அறுந்துவிட்டது. கூட வந்த லைன்மேன் என்னைவிட இருபது வயது மூத்தவர், அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். டிரான்ஸ்ஃபார்மர் ஏ.பி. சுவிட்சைத் திறந்தோம், பியூஸ் காரியரைப் பிடுங்கினோம். லைன் செத்த லைன். வேலை பத்து நிமிடம்தான், இருட்டிக்கொண்டு வருகிறது. எர்த் ராடு ஜீப்பிலேயே கிடந்தது. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "ஏறட்டுமா சார்?" என்றார். நான், "ஏறுங்க அண்ணாச்சி" என்றேன்.

அந்த லைனின் கடைசியில் ஓர் அரிசி மில். கரண்டு இல்லையென்று அவர்கள் ஜெனரேட்டரைப் போட்டார்கள். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் கெட்டுப்போய், நேராகச் சேர்த்து வைத்திருந்தார்கள். அவர்களுடைய கரண்டு எங்கள் லைனுக்குத் திரும்பி வந்தது. அண்ணாச்சி பிழைத்தார். வலது கை முழங்கைக்குக் கீழே போயிற்று. ஆஸ்பத்திரியில் அவர் மனைவி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அன்றைக்கு அந்த லைனில் திரும்பி வரக்கூடிய கரண்டு அந்த ஒரு மில்லில்தான். இன்றைக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மரின் கீழ் பத்து வீட்டில் இருக்கிறது, நாளை முப்பது வீட்டில் இருக்கும். சோலார் இன்வெர்ட்டர், லைனில் சப்ளை போனால் தானே நின்றுவிட வேண்டும் என்பது விதி. நல்ல இன்வெர்ட்டர் நிற்கவும் செய்கிறது. ஆனால் அதோடு பேட்டரியும் ஜெனரேட்டரும் வைத்து, எலெக்ட்ரீஷியன் அவசரத்தில் எங்கே எதைச் சேர்த்தார் என்று கம்பத்தில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? வேலை செய்கிற இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் செய்யாமல் கம்பத்தில் கை வைக்கவோ வைக்கச் சொல்லவோ கூடாது. லைன் ஒரு பக்கமிருந்துதான் வரும் என்ற காலம் போய்விட்டது.

அண்ணாச்சி போன வருஷம் காலமானார். கடைசி வரைக்கும் தீபாவளிக்கு நான் அவர் வீட்டுக்குப் போவேன். இடது கையால்தான் காபி டம்ளரை நீட்டுவார்.

துறைத்தலைவர் அவர்கள் சங்கத்திடம் ஒரு கோரிக்கை வைத்திருப்பதாகச் செயலாளர் சொன்னார்: மெஷின்ஸ் லேப்பில் பழைய ஆல்டர்னேட்டர் பக்கத்திலேயே ஒரு சின்ன சோலார், ஒரு பேட்டரி, இரண்டு மாதிரி இன்வெர்ட்டர், ஓர் எல்.டி. லைன் மாதிரி அமைக்கவேண்டும் என்று. எங்கள் 1983 செட் அதில் முதல் பங்கை ஏற்றுக்கொள்கிறது. மூன்று பல்பையும் கழற்றிவிடாதீர்கள். ஒரு நிபந்தனை: அந்த லேப்பின் வாசலில் முதல் சாமானாக ஓர் எர்த் ராடு தொங்கவேண்டும். அதை நான் வாங்கித் தருகிறேன்.

சாப்பாட்டுப் பந்தி தயார் என்று கை காட்டுகிறார்கள்.